மறு: சர்வோ பிரேக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கை அழுத்துவதற்கு ஒரு மோட்டார் வலுச் சேர்க்கும் சர்வோ பிரேக்குக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வாரமாக நீங்கள் அனுப்பிய சொற்களையெல்லாம் படித்துவிட்டேன். இந்தக் கேள்வியை ஏன் எழுப்பினேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

பெங்களூரு சிவாஜிநகரில் நான் வண்டி விடும் பட்டறையில் பையன்கள் பெரும்பாலும் ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கம். என்னுடையது 2003-இல் செய்த ஜெர்மன் பைக், பெட்ரோலோடு 280 கிலோ வரும். சாவியைத் திருப்பிவிட்டுப் பிரேக்கைத் தொட்டால், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது போல டேங்குக்கு அடியில் ஒரு சத்தம் கேட்கும். போன மாதம் ஒரு பையன் சாவியை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிப் பட்டறைச் சரிவில் இறக்கினான். வழக்கம்போல இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. நான்கு விரலையும் போட்டு அழுத்துவதற்குள் முன்சக்கரம் பழைய டயர்க் குவியலில் போய் மோதியது. நல்ல வேளை, அங்கே டயர் இருந்தது. "அண்ணே, பிரேக்கே இல்லண்ணே" என்றான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக் இருந்தது. அதற்கு வலுக் கொடுக்கும் மோட்டார்தான் சாவியோடு சேர்ந்து அணைந்துவிட்டது. அதை அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. "சர்வோ" என்றேன். தலையாட்டினான், ஆனால் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

டிஸ்க் பிரேக் உள்ள சாதாரண பைக்கில் நாம் அழுத்தும் எண்ணெய் நேராகச் சக்கரத்துக்குப் போகும். இந்த வண்டியில் அது டேங்குக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டியோடு நின்றுவிடும். கையிலிருந்து பெட்டிவரை ஓர் எண்ணெய்ச் சுற்று, பெட்டியிலிருந்து சக்கரம்வரை இன்னொரு சுற்று. கை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து, அதைப் பல மடங்காக்கி அடுத்த சுற்றில் செலுத்துவது பெட்டிக்குள் இருக்கும் மின்பம்பின் வேலை. சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலையும் அதே பெட்டிக்குள்தான். மின்சாரம் நின்றால் கையின் சொந்த வலு மட்டும் சக்கரத்துக்குப் போகும்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம்.

> சர்வோவுக்குப் ‘பணிப்பொறி’ ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது ஐயா. ஆனால் எந்தப் பொறிதான் பணி செய்யவில்லை? மாவரைக்கும் கிரைண்டரும் பணிப்பொறிதான்.

> ‘ஏவல்பொறி’ பொருந்தும். ஆனால் ஏவல் என்றால் பில்லி சூனியம்தான் நினைவுக்கு வருகிறது.

அம்மையார் எழுதிய இந்த வரியை இரண்டு நாள் யோசித்தேன். ஏவல் நல்ல சொல். ‘ஏவல் செய்’ என்கிறோம். ஏவுகணை என்று சொல்லும்போது யாருக்கும் சூனியம் நினைவுக்கு வருவதில்லை. சர்வோவின் வேரும் லத்தீனில் அடிமையைக் குறிக்கும் சொல்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஃபார்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவிப் பொறிக்கு ‘சர்வோ-மோட்டார்’ என்று பெயரிட்டார். மாலுமி லேசாகத் திருப்பினால் போதும், பொறி தன் வலுவால் சுக்கானைத் திருப்பிவிடும். ரோபோவின் கையைத் திருப்பும் மோட்டாருக்கு ‘ஏவல்மோட்டார்’ என்றே வைத்துக்கொள்ளலாம், எனக்குச் சம்மதம்.

பிரேக்கில் மட்டும் அது போதாது. ஏவல் என்றால் யார் சொல்கிறார், யார் செய்கிறார் என்பது தெரியும். அந்த வலு நம்முடையதல்ல, எந்த நேரமும் போய்விடலாம் என்பது தெரியாது. சரிவில் நிற்கும் பையனுக்குத் தெரிய வேண்டியது அதுதான். அதனால் என் முன்மொழிவு இரவல்விசை. இரவல் நகை, இரவல் புத்தகம் என்று எல்லா வீட்டிலும் புழங்கும் சொல். இரவல் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பிரேக் என்பதை மாற்ற வேண்டாம், அது நம் சொல்லாகி வெகுநாளாயிற்று. ‘இரவல்விசைப் பிரேக்’ என்றால் போதும்.

அதே பையனிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ சாவி போனா இரவல் போயிடும், நம்ம கை மட்டும்தான்" என்றான். பக்கத்தில் நின்ற மைசூர்க்காரருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கன்னடத்திலும் ‘எரவலு’ என்றால் இரவல்தான்.

காருக்கும் இது பொருந்தும். மலைப்பாதையில் பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பெடல் கல்லாகிவிடும். அதுவும் இரவல் போனதுதான். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே.

> மோட்டார் அணைந்த பின் மீந்திருக்கும் பிரேக்குக்கு ‘எச்சத்தடை’?

வேண்டாம். எச்சம் என்றால் முதலில் காக்கைதான் நினைவுக்கு வரும். அப்புறம், அது ஏதோ மிச்சம் மீதி என்று தோன்றும். அது முழுக்கவும் நம் கையின் வலு. கைவிசை என்று சொன்னாலே முழுக்கையும் போட்டு அழுத்த வேண்டும் என்பது புரிந்துவிடும். பின்பிரேக்குக்குக் ‘கால்விசை’.

ஏபிஎஸ்ஸை விரித்து, அதிலுள்ள ‘ஆன்டி-லாக்’ என்பதைப் ‘பூட்டுறா’ என்று எழுதியிருந்தார்கள். பைக்கில் பூட்டு என்றால் ஹேண்டில் பூட்டு. சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டு போவதை ‘இறுகிப்போச்சு’ என்றே சொல்லலாம். அதனால் விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘இறுகல்தடுப்பு’. மற்ற இடங்களில் ஏபிஎஸ் போதும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 முதல் அது கட்டாயம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது.

பிரேக் எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கு ‘பிளீடிங்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து யாரோ ‘குருதிவடிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்பார்கள். காற்றெடுப்பு என்றால் வேலை முடிந்தது. இந்த வண்டியில் அதைத் தெரியாமல் செய்தால் ஆபத்து. பிடியை லேசாகத் தொட்டாலே பம்பு ஓடி, பெட்டியின் மேலுள்ள சின்னக் கிண்ணத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் காலியாக்கிவிடும். காலியானால் காற்று உள்ளே போய்விடும், திரும்ப முதலிலிருந்து. கிண்ணத்தின் மேல் கசியாத ஒரு புனலைப் பொருத்தி, எண்ணெய் மட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒருவர் நிற்க வேண்டும்.

என் வண்டியில் எச்சரிக்கை விளக்கு அணையாமல் சிமிட்டிக்கொண்டிருந்ததற்கு முதல் காரணம் பேட்டரி. மீட்டரை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் 9 வோல்ட்டுக்குக் கீழே போனது. ஏபிஎஸ் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரத்தில் அந்த அளவு போதாது. புது பேட்டரி போட்டதும் விளக்கு அடங்கியது, ஆனால் பிரேக்கை விட்ட பிறகும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. பிடிக்குக் கீழே, சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும் ஒரு சுவிட்சில் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. புதுப்பெட்டி வாங்கச் சொல்லி எனக்கு முன்பு வந்த யோசனையை நம்பியிருந்தால் வீண்செலவு.

பட்டறைச் சுவரில் ஒட்ட எழுதியிருப்பது இது:

சாவி அணைந்தால் இரவல்விசை இல்லை. கைவிசை மட்டும். முழுக்கையால் அழுத்து.
சாவியைத் திருப்பும்போது பிரேக்கைப் பிடிக்காதே.
வண்டி சில அடி உருண்ட பிறகும் விளக்கு அணையாவிட்டால் முதலில் பேட்டரியைப் பார்.
பிரேக்கை விட்ட பிறகும் பம்பு ஓடினால் சுவிட்சைப் பார்.
பிரேக் எண்ணெய் டாட் 4 (DOT 4) வகை. இரண்டு சுற்றிலும் தனித்தனியாகக் காற்றெடுப்பு.

சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘சுற்று’ என்ற சொல் மட்டும் உறுத்துகிறது. பையன்கள் அதைச் சக்கரம் சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘எண்ணெய்வழி’ என்று மாற்றலாமா?