பான்ஃபிஷ் பிடிக்கப் பனித்தூண்டில்: எந்தக் கோல், எந்த ரீல்?

வெண்பரப்பு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பதைச் சென்ற குளிர்காலத்தில்தான் தொடங்கினேன். இதுவரை நண்பர் ஒருவரின் கோலை இரவல் வாங்கிப் பயன்படுத்தி வந்தேன். இந்தப் பருவம் தொடங்குவதற்குள் எனக்கென்று ஒரு கோலும் ரீலும் வாங்கிவிட விரும்புகிறேன். பெரிய மீன்களை நான் தேடவில்லை. புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் ஆகிய, பான்ஃபிஷ் எனப்படும் சிறிய உணவு மீன் வகைகள் மட்டுமே போதும். செல்லும் இடங்கள் பெரும்பாலும் 10 முதல் 20 அடி வரை ஆழமுள்ள சிறிய ஏரிகள். பெர்ச் மீன்களுக்காக எப்போதாவது 30 அடி வரை இறக்குவதுண்டு. சில நாள்களில் கூடாரத்துக்குள் அமர்ந்திருப்பேன், சில நாள்களில் வெட்டவெளியில் துளைக்குத் துளை நடப்பேன்.

இரவல் கோலில் இரண்டு தொல்லைகள் இருந்தன. மீன் கொத்தியதே கைக்குத் தெரியாமல் முள்ளில் கோத்த புழு மட்டும் காணாமல் போய்விடும். அடுத்தது, தூண்டில் நரம்பு சுருள் சுருளாக இறங்குவதும், அதன் முனையில் ஜிக் (முள்ளோடு சேர்ந்த சிறு உலோக எடை) நிற்காமல் சுழன்றுகொண்டே இருப்பதும். மீன் ஜிக்கை நெருங்கி, சிறிது நேரம் நின்று, பிறகு விலகிச் செல்வதை, நீருக்குள் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கோலின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும், கிராஃபைட்டா கண்ணாடியிழையா, நுனியில் ஸ்பிரிங் பாபர் (கொத்துவதைக் காட்டும் மெல்லிய கம்பி) தேவையா, ஸ்பின்னிங் ரீலா இன்லைன் ரீலா என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏரிக்காவலன்

வணக்கம் நண்பரே. கோலிலிருந்து தொடங்காமல், நீருக்குள் தொங்கப்போகும் ஜிக்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்; உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். பான்ஃபிஷ் மீன்களுக்கு நாம் இறக்குவது பெரும்பாலும் ஒரு அவுன்ஸில் 64-இல் ஒரு பங்கிலிருந்து 32-இல் ஒரு பங்கு வரை எடையுள்ள ஜிக், அதாவது ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு வரை. இவ்வளவு இலேசான பொருள் நரம்பை நேராக இழுத்துப் பிடிக்க வேண்டுமானால் நரம்பு மெலிதாக இருக்க வேண்டும். நரம்பு மெலிதானால், மீன் துள்ளும்போது அது அறுந்துவிடாமல் காக்கும் அளவுக்குக் கோல் வளைந்து கொடுக்க வேண்டும். ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு, தடங்கலின்றி வழுக்கிக் கொடுக்க வேண்டும். கீழிருந்து மேலாக ஒன்று மற்றொன்றைத் தீர்மானிக்கிறது.

நரம்பைப் பொறுத்தவரை 2 முதல் 4 பவுண்டு வரை தாங்கும் நைலான் தங்கூசி அல்லது ஃபுளூரோகார்பன் போதும். நைலானின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம். ஃபுளூரோகார்பன் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியுள்ளது, ஆகையால் தானே மூழ்கும். ஆனால் அது விறைப்பானது, சுருண்ட வடிவத்தை எளிதில் விடாது. புதியவருக்கு 3 பவுண்டு நைலானையே நான் பரிந்துரைப்பேன். பின்னல் நரம்பு இழைகளுக்கிடையே நீரைப் பிடித்துக்கொண்டு வெளிக்குளிரில் உறைந்து கம்பிபோல் விறைத்துவிடும் என்பதால், சூடேற்றிய கூடாரத்துக்கு வெளியே அதைத் தவிர்ப்பது நல்லது. ஜிக் வாங்கும்போது டங்ஸ்டன் ஜிக்கைத் தேர்ந்தெடுங்கள். ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 11.3 மடங்கு, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3 மடங்கு. ஜிக்குகளில் கலப்பு உலோகமே பயன்படுவதால் வேறுபாடு சற்றுக் குறையும். ஆனாலும் ஒரே எடைக்கு உருவம் தெளிவாகவே சிறுத்துவிடும், நரம்பும் நேராக இழுபட்டு நிற்கும்.

இப்போது கோலுக்கு வருகிறேன். பனிக்கட்டிக்கு அடியில் நீர் 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே இருக்கும். 4 டிகிரியில்தான் நீர் மிக அடர்த்தியாக இருப்பதால் அந்த நீர் அடியில் தங்குகிறது. இந்தக் குளிரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகிறது. புளூகில் இரையைத் தாவிப் பிடிப்பதில்லை. அருகில் வந்து வாயைத் திறந்து நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது, பிடிக்காவிட்டால் அப்படியே துப்பிவிடுகிறது. உங்கள் புழு காணாமல் போவது இப்படித்தான். விறைப்பான நுனி இதைக் கைக்குக் கடத்தவே கடத்தாது. மென்மையான நுனி கண்ணுக்குக் காட்டிவிடும். எனவே அல்ட்ராலைட் (மிக இலேசான) வகையில், நுனி மெல்லியதாகவும் பாதிக்குக் கீழே சற்று வலுவுடனும் உள்ள கோலைத் தேடுங்கள்.

கடையில் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. காகிதம் கோக்கும் சாதாரண சிறிய கிளிப் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். அதை நுனி வளையத்தில் மாட்டி, கோலைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நுனியின் கடைசி இரண்டு மூன்று அங்குலம் சற்றே தாழ்ந்தால் அந்தக் கோல் உங்கள் ஜிக்கை உணர்கிறது என்று பொருள். அசையாமல் நேராக நின்றால், அட்டையில் அல்ட்ராலைட் என்று எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அளவீடு வேறுபடுகிறது. பொதுத் தரம் எதுவும் இல்லை.

கூடாரத்துக்குள் 24 முதல் 28 அங்குலம் வசதியானது. வெளியில் நின்று பிடிக்க 30 அங்குலத்துக்கு மேல் இருந்தால் குனிய வேண்டியதில்லை. ஒன்றுதான் வாங்குவீர்கள் என்றால் 28 அங்குலம் இரண்டுக்கும் ஒத்துவரும்.

தங்கூசி

ஏரிக்காவலன் ஐயா கோலைப் பற்றிச் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரீலைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் கேட்டவரின் இரண்டாவது தொல்லை முழுவதும் ரீலில்தான் இருக்கிறது.

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழல்வதில்லை. கம்பி வளையம்தான் ஸ்பூலைச் சுற்றிவந்து நரம்பைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும், திரும்ப இறக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மீன் இழுத்து டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது நாம் கைப்பிடியையும் விடாமல் சுற்றுகிறோமே, அங்கே வருகிறது. நரம்பு உள்ளே வராது, ஆனால் முறுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். 5-க்கு 1 என்ற பல்சக்கர விகிதமுள்ள ரீலில், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஐந்து முறுக்குகள். கோடையில் தூண்டிலை எறியும்போது இது அவ்வளவாகத் தெரியாது. பனித்துளையில் ஜிக் நேர்கீழாகத் தொங்குவதால், சேர்ந்த முறுக்கெல்லாம் ஜிக்கின் வழியாகத்தான் அவிழ வேண்டும். அரை கிராம் ஜிக் ஒரு புறமாகச் சுழன்று, நின்று, மறுபுறமாகச் சுழலும். குளிர்நீரில் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் புளூகில் மீனுக்கு அது இரையாகத் தோன்றுவதில்லை. நீங்கள் சோனாரில் கண்டது இதையாகத்தான் இருக்கும்.

இன்லைன் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை நேராகச் சுற்றுவதால் இந்த முறுக்கு ஏறுவதில்லை. ஸ்பூலின் விட்டமும் பெரிது. நரம்பு பெரிய வட்டமாகச் சுற்றப்படுவதால் இறுகிய சுருள்கள் உண்டாவதும் குறைகிறது. 20 அடிக்குள் புளூகில், கிராப்பி பிடிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ரீல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இலேசான ஜிக்கால் ஸ்பூலைச் சுழற்ற முடியாமல், இறக்குவதற்கு நேரம் பிடிக்கும். விசையை அழுத்தினால் ஸ்பூல் கட்டற்றுச் சுழலும் வகைகள் வந்துள்ளன. அவற்றிலும் கட்டைவிரலால் ஸ்பூலைத் தடவிக்கொண்டே இறக்காவிட்டால் நரம்பு சிக்கிக்கொள்ளும். மேலே சுற்றி எடுக்கும் வேகமும் ஸ்பின்னிங் ரீலைவிடக் குறைவு. பெர்ச் கூட்டம் 30 அடியில் துளைக்குக் கீழே சில நிமிடங்கள் மட்டும் நிற்கும்போது, ஒரு மீனைக் கழற்றி ஜிக்கை மீண்டும் விரைவாக இறக்குவதுதான் முக்கியம். அங்கே ஸ்பின்னிங் ரீல்தான் கைகொடுக்கும். அப்படி ஒன்றை வாங்குவதானால் 500 அல்லது 750 என்ற சிறிய அளவே போதும். டிராக் வழுக்கும்போது சுற்றுவதை நிறுத்துங்கள், ஜிக்குக்கு ஒன்றரை அடி மேலே மிகச்சிறிய சுவிவல் (சுழலும் இணைப்பு) ஒன்றைக் கட்டுங்கள். பெரும்பகுதி முறுக்கு குறைந்துவிடும்.

நுனிக்கம்பி

ஸ்பிரிங் பாபர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. என் கருத்தில், மென்மையான நுனி ஒன்றே போதும் என்பது புளூகில் மீன்களுக்கு முழுவதும் பொருந்தாது.

கோலின் நுனியில் மெல்லிய எஃகுக் கம்பியோ பட்டையோ நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையிலுள்ள கண்ணில் நரம்பு நுழைந்து செல்லும். ஜிக்கின் எடையால் அது சற்றுத் தாழ்ந்து நிற்கும்படி, முன்னும் பின்னும் நகர்த்தி நீளத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மீன் கீழ்நோக்கி இழுத்தால் கம்பி மேலும் தாழும்; இதை எந்தக் கோலும் காட்டும். ஆனால் மீன் ஜிக்கைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கி நகர்ந்தால், நரம்பிலிருந்த எடை நீங்கிவிடுகிறது. கைக்கு எதுவும் வராது. தாழ்ந்திருந்த கம்பி மெதுவாக நிமிர்ந்து கிடைமட்டத்துக்கு வரும், அவ்வளவுதான். அந்த நொடியில் மணிக்கட்டை மட்டும் இலேசாகச் சுண்ட வேண்டும். கிராப்பி மீனின் கண்கள் தலையின் மேற்பகுதியில் அமைந்திருப்பதால் அது தனக்கு மேலே உள்ள இரையை நோக்கி எழும். எனவே இப்படி எடை நீங்கும் கொத்துதல் கிராப்பியிடம் மிகச் சாதாரணம். சோனாரில் மீன் தெரியும் உயரத்துக்கு ஒன்றிரண்டு அடி மேலேயே ஜிக்கை நிறுத்துங்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

காற்று வீசும் வெட்டவெளியில் கம்பி ஓயாமல் ஆடும், கண்ணில் பனி படிந்து நரம்பு சிக்கும். ஆகையால் கழற்றி மாட்டக்கூடிய வகையை வாங்கி, கூடாரத்துக்குள் மட்டும் பயன்படுத்துங்கள்.

கிராப்பியின் வாயைச் சுற்றியுள்ள தோல் காகிதம்போல் மெல்லியது. விறைப்பான கோலால் சுண்டினால் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கண்ணாடியிழைக் கோல் நடுப்பகுதி வரை மெதுவாக வளைந்து இந்த அதிர்வைத் தாங்குகிறது. குளிரில் அடிபட்டாலும் எளிதில் முறியாது. கிராஃபைட் உணர்திறன் மிக்கது, ஆகையால் நுனியைப் பார்க்காமல் கையாலேயே உணர விரும்புபவருக்கும், ஆழத்தில் பெர்ச் பிடிப்பவருக்கும் அது ஏற்றது.

வெண்பரப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் ஜிக் ஏன் சுழன்றது என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது. டிராக் வழுக்கும்போது நிறுத்தாமல் சுற்றுவது என் வழக்கமாகவே இருந்தது. உங்கள் விளக்கங்களைப் படித்தபின், எல்லாவற்றுக்கும் ஒரே கோல் என்பதைவிட, 26 அங்குலக் கண்ணாடியிழைக் கோலில் இன்லைன் ரீலும், 30 அங்குல கிராஃபைட் கோலில் 500 அளவு ஸ்பின்னிங் ரீலும் என்று இரண்டாக வைத்துக்கொள்ளலாமா என்று எண்ணுகிறேன். முதலில் எதை வாங்குவது?

ஏரிக்காவலன்

நீங்கள் பெரும்பாலும் 10 முதல் 20 அடி நீரில்தான் பிடிக்கிறீர்கள். எனவே 26 அங்குலக் கோலும் இன்லைன் ரீலும் முதலில். ஓரிரு அங்குலக் குறைவால் வெளியிலும் பெரிய இடர்ப்பாடு வராது. இரண்டாவதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் நீரில் இறக்குவதானால் உங்கள் பகுதியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியின் மேல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒருவருக்கு இரண்டு தூண்டில்களும், விஸ்கான்சினில் மூன்றும் அனுமதிக்கப்படுகின்றன.

கோலின் கைப்பிடி நேரான தக்கைக் கட்டையாக இருந்தால், ரீலை நாடாவால் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். கட்டுவதற்கு முன் ரீலை முன்னும் பின்னும் நகர்த்தி, நீங்கள் பிடிக்கும் இடத்தில் ஒரு விரலின் மேல் கோல் சமநிலையில் நிற்கிறதா என்று பாருங்கள். நுனி கனத்தால் மணிக்கட்டு சோர்ந்து கோல் நடுங்கும். அந்த நடுக்கத்தில் மெல்லிய கொத்துதல் மறைந்துவிடும்.

தங்கூசி

ஸ்பின்னிங் ரீல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே அடர்த்தியான கிரீஸ் பூசியிருந்தால் கடுங்குளிரில் அது இறுகி, கைப்பிடி கனக்கும்; பின்சுழற்சியைத் தடுக்கும் உருளைகளும் பிடிக்காமல் நழுவி, முள்ளைச் சுண்டும் நேரத்தில் கைப்பிடி பின்னோக்கி ஓடிவிடும். பருவத்துக்கு முன்பே கிரீஸைத் துடைத்துவிட்டு, குளிரில் உறையாத மெல்லிய எண்ணெயைச் சிறிதளவு இடுங்கள்.

நுனிக்கம்பி

வெளியில் பிடிக்கும்போது வளையங்களில் பனி படிந்தால் விரலால் ஒடித்தெடுக்க வேண்டாம். மெல்லிய நுனிகள் பெரும்பாலும் அப்படித்தான் முறிகின்றன. நுனியைத் துளை நீருக்குள் சில நொடிகள் அமிழ்த்தி வையுங்கள். ஏரி நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருப்பதால் பனி இளகிவிடும். பிறகு விரலால் மெதுவாக வழித்தால் போதும். வாங்கும்போதே நுனி வளையம் சற்றுப் பெரிதாக உள்ள கோலைத் தேர்ந்தெடுத்தால், இந்த வேலை பாதியாகக் குறையும்.