1939 குளிர்காலப் போர்: பின்லாந்து பிளாட்டூன் தலைவருக்கு நிஜத்தில் என்ன வேலை?

நூலகப்பூனை:
பின்லாந்து மீது படையெடுத்துவந்த சோவியத்தின் 44-வது டிவிஷனை, ராத்தே என்ற காட்டுச் சாலையில் பின்லாந்துப் படை 1940 ஜனவரி முதல் வாரத்தில் துண்டு துண்டாக நறுக்கியதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே முப்பது நாற்பது பேரை, அதாவது ஒரு பிளாட்டூனை, காட்டுக்குள் கூட்டிப்போன இளம் ரிசர்வ் அதிகாரி பொழுதன்னைக்கும் என்னதான் செய்தார்?

உறைமண்:
பாதி வேலை, ஆட்களை ஈரமாகாமல் பார்த்துக்கொள்வது. குளிரைவிட வேர்வைதான் ஆளைக் கொல்லும். பனிச்சறுக்கு மட்டையில் வேகமாகப் போனால் உள்சட்டை நனையும். நின்றதும் அதுவே உறையும். அதனால் கிளம்பும்போதே லேசாகக் குளிர்கிற அளவுக்குத்தான் உடுத்த வேண்டும். புதுப் பனியில் முன்னால் போய்த் தடம் போடுகிறவர்களை அடிக்கடி மாற்றாவிட்டால் முதலில் விழுவது அவர்கள்தான்.

பிறகு கூடாரம். சுமார் 20 பேருக்கு ஒன்று, நடுவில் விறகு அடுப்பு, தரையில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கிளைகளைக் கனமாகப் பரப்புவார்கள். கிளை மெல்லிசாக இருந்தால் அடிப்பனி உருகி முதுகு நனையும். ஒருவர் முறைவைத்துத் தூங்காமல் அடுப்பைப் பார்க்க வேண்டும். பச்சை விறகு வைத்தால் பகலில் புகையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காலுறையும் கையுறையும் மேலே கொடியில் காயும். பூட்ஸை அடுப்போடு ஒட்டி வைத்தால் தோல் வெடித்துவிடும். தூங்கப் போகுமுன் ஒவ்வொருவர் காலையும் பார்ப்பது தலைவர் பொறுப்பு. "மரத்துப்போச்சு" என்று யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.

துருப்பிடித்தவன்:
ஆயுதத்தை விட்டுவிட்டீர்களே. வழக்கமான எண்ணெய் அந்தக் குளிரில் பிசினாக இறுகி துப்பாக்கியின் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அதை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும், இல்லை மண்ணெண்ணெய் கலந்து இளக்க வேண்டும். துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் ஈரம் பூக்கும். வெளியே எடுத்ததும் பனிக்கட்டி. வெளியிலேயே மூடி வைப்பதுதான் சரி. தண்ணீரால் குளிரும் மாக்சிம் மெஷின் கன்னில் கிளிசரின் கலக்காவிட்டால் தண்ணீர் உறைந்து குழலைச் சுற்றியுள்ள கூடு வெடிக்கும். பின்லாந்தின் லஹ்தி-சலோரந்தா இலகு மெஷின் கன் 20 தோட்டாதான் கொள்ளும், சிக்கவும் செய்யும். கைப்பற்றிய சோவியத் தெக்தியாரெவ் இலகு மெஷின் கன்னுக்கு (47 தோட்டா) ஏன் அவ்வளவு கிராக்கி என்று இப்போது புரியும்.

நூலகப்பூனை:
நன்றி. தாக்குதல் எப்படி?

உறைமண்:
இருட்டில் நெருங்கி, குறுகிய நேரம் அடித்துவிட்டு, கூடாரத்துக்குத் திரும்புவது. டிசம்பர் கடைசியில் ராத்தே சாலை இருக்கும் சுவோமுஸ்ஸல்மி பக்கம் பகல் வெளிச்சமே 4 மணி நேரம்தான். வாகனங்களோடு சாலையில் சிக்கிய படையின் சமையல் வண்டியையும் கணப்புகளையும் குறிவைத்தார்கள். சூடான சாப்பாடும் தூக்கமும் போனால் மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும். பின்லாந்து பூட்ஸின் முனை மேலே வளைந்திருக்கும், மட்டையில் ஒரு வாரில் செருகினால் போதும். குனியாமலே உதறிவிட்டுப் படுக்கலாம். காயம்பட்டவரைப் படகு மாதிரி இருக்கும் அஹ்கியோ சறுக்குவண்டியில் போட்டு இழுத்துப்போவார்கள். அசையாமல் கிடப்பவர் சீக்கிரம் உறைவார், அதனால் முதல் போர்வை அவருக்கு.

கரேலியன்:
ஒரு திருத்தம். இதெல்லாம் வடக்குக் காடுகளுக்குப் பொருந்தும். தெற்கே கரேலிய நிலச்சந்தியில் பனிச்சறுக்குக்கு வேலை குறைவு. அங்கே பதுங்குகுழியும் பீரங்கியும்தான். 1940 பிப்ரவரி 11-ல் அங்கே ‘சும்மா’ (Summa) என்ற ஊர்ப் பகுதியில் பின்லாந்தின் அரண் உடைந்தது. ஷெல்லில் தொலைபேசிக் கம்பி அறுந்துபோனால் செய்தி ஆள்வழிதான். இரவில் இடிந்த குழியைத் தோண்டிச் சீராக்க வேண்டும், விடிந்ததும் மறுபடி ஷெல். அங்கே தலைவரின் முதல் தலைவலி, யாரை எப்போது தூங்க விடுவது என்பதுதான்.