ஒரே சதுரத்து மண், இரண்டு மாதிரி, இருபது மடங்கு வித்தியாசம்: எங்கே தவறு?

முகில்: வணக்கம். அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். ஒரு பீரங்கிப் பயிற்சித் திடலில் குண்டு விழும் பகுதியின் மண்ணைச் சோதிக்கிறோம். பத்து மீட்டர் சதுரம் ஒன்றில் ஒரே நாளில் எடுத்த இரண்டு மாதிரிகளில் ஆர்டிஎக்ஸ் என்ற வெடிமருந்தின் அளவு இருபது மடங்கு வேறுபடுகிறது. வேதிப்பொருட்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியைத் திரும்பச் சரிபார்த்தும் மாற்றமில்லை. இன்னொரு குழப்பம்: மண்ணில் டிஎன்டி என்ற இன்னொரு வெடிமருந்தும் இருக்கிறது, கண்காணிப்புக் கிணற்று நீரில் ஆர்டிஎக்ஸ் மட்டும்தான் வருகிறது.

சுடர்: தம்பி, கருவியை விடுங்கள். முழுதாக வெடித்த குண்டு மிகக் கொஞ்சம்தான் மிச்சம் வைக்கும். அரைகுறையாக வெடித்ததுதான் வெடிமருந்தைக் கட்டியும் பொடியுமாகச் சிதறடிக்கும். உப்புமாவில் முந்திரி போல அது ஆங்காங்கே கிடக்கும். மண்ணை எப்படி எடுத்தீர்கள்? அரைத்தீர்களா?

முகில்: ஒரு மாதிரிக்கு ஒரே இடம்தான் அண்ணா. 2 மி.மீ. சல்லடையில் சலித்தோம். அரைக்கவில்லை. 2 கிராம் எடுத்துச் சோதித்தோம்.

சுடர்: சிக்கல் அங்கேதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8330பி என்ற சோதனை முறை இதற்காகவே 2006இல் வந்தது. சதுரம் முழுக்க 30 இடங்களுக்குக் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எல்லாவற்றையும் ஒரு மாதிரிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் உலர்த்திச் சலித்து, மாவாக அரைத்து, அதில் 10 கிராம் எடுங்கள். அரைக்கும்போது சூடேறினால் இடையில் ஆறவிடுங்கள். இப்படி மூன்று மாதிரி எடுத்தால்தான் எண்களை நம்பலாம். வெடிக்காத குண்டுகளை அறிந்த நிபுணர் கூட இல்லாமல் திடலுக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

வளர்பிறை: கிணற்று விஷயத்தில் தவறே இல்லை. நீரில் அதிகம் கரைவது டிஎன்டிதான். ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதை அமினோ சேர்மங்களாக மாற்றிவிடும், அவை மண்ணில் மட்கிய பொருளோடு இறுகப் பிணைந்துகொள்ளும். ஆர்டிஎக்ஸ் மெதுவாகக் கரைந்தாலும், கரைந்தது மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. காற்றோட்டமான மண்ணில் எளிதில் சிதையாது, மழையோடு கீழே போய்க்கொண்டே இருக்கும். மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்தில் உள்ள கேம்ப் எட்வர்ட்ஸ் ராணுவப் பயிற்சித் திடலில் இதுதான் நடந்தது. மேலே மணல், அடியில் கேப் காட் மக்கள் குடிக்கும் நீர். அதனால்தான் 1997இல் முகமை அங்கே குண்டுப் பயிற்சியை நிறுத்த உத்தரவிட்டது. குடிநீரில் ஆர்டிஎக்ஸுக்கு அது சொல்லும் வாழ்நாள் ஆலோசனை அளவு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம்தான். மண்ணில் கொஞ்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

முகில்: ரொம்ப நன்றி. மிச்சமிருக்கும் மண்ணை இப்போது அரைத்தால் பயன் உண்டா?

சுடர்: பாதிதான். ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து சில கிராம் மட்டும் பிரித்தெடுத்ததில் வந்த வேறுபாடு குறையும். திடலில் ஒரே இடத்தில் எடுத்ததால் வந்தது அப்படியே இருக்கும். அதற்கு மறுபடி மண் எடுத்தே ஆக வேண்டும்.