ஒரே ரைஃபிள் வாங்கறதுன்னா எது? .275ஆ, .30-06ஆ?

காவேரிப்பட்டணத்தான்
பர்கூர்த் தம்பி கேட்டது ஒண்ணு, ஜவளகிரி அண்ணன் சொன்னது ஒண்ணு. தம்பி கிரானைட் வேலையா நமீபியாவுல இருக்கார். அங்க லைசன்ஸ் எடுத்து முறைப்படி வேட்டைக்குப் போகணும், சின்ன ஸ்பிரிங்பாக் மான்ல இருந்து பெரிய ஈலண்ட் மான் வரைக்கும் ஒரே ரைஃபிள் எதுன்னு கேட்டார். அண்ணன் நேத்து குடுத்த பதில்: ".275 ரிக்பி வாங்கு. யானையே சாஞ்சிருக்கு. மத்ததெல்லாம் காசுக்குக் கேடு." இப்படி எழுதினா புதுசா வர்ற பசங்க அப்படியே நம்பிடுவாங்க.

ஒரே ரைஃபிள்னா அது .30-06. 180 கிரெயின் (கிரெயின்னா குண்டோட எடை அளவு) குண்டு விநாடிக்கு 2,700 அடியில கிளம்புது, ஏறக்குறைய 3,950 ஜூல். 200 கஜத்துல குறியிலேயே குண்டு விழற மாதிரி ஜீரோ வெச்சா 100 கஜத்துல 2 அங்குலம் மேல, 300 கஜத்துல எட்டரை, ஒம்பது அங்குலம் கீழ. வெட்டவெளி மானுக்கு அதுதான் லாயக்கு. அண்ணனோட .275ல 175 கிரெயின் மொட்டைமூக்குக் குண்டை வெச்சுக்கிட்டு அந்தத் தூரத்துல என்ன பண்றது?

ஜவளகிரி
ஜூல் கணக்கெல்லாம் தோட்டா விக்கிறவன் டப்பா மேல ஒட்டற சீட்டு. உள்ள எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு பாருங்க. .275ன்னா 7 மி.மீ. குண்டு. அதுல 175 கிரெயினுக்கு எஸ்.டி., அதாவது குண்டோட விட்டத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு, 0.310. உங்க 180 கிரெயினுக்கு 0.271. யானைக்கும் எருமைக்கும் எடுத்துட்டுப் போற .375ல 300 கிரெயின் குண்டு, அதுவே 0.305 தான். .275 அதையும் தாண்டி நிக்குது. ஸ்காட்லாந்து வேட்டைக்காரர் பெல் ஆப்பிரிக்காவுல ஆயிரத்துக்கு மேல யானை சுட்டவர், அதுல பெரும்பங்கு இந்த 7x57ல, .275 ரிக்பிக்கு இன்னொரு பேர் அது. 1907ல ஆட்கொல்லி சம்பாவத் புலியைச் சுட்டதுக்கு ஜிம் கார்பெட்டுக்குப் பரிசா வந்ததும் .275 ரிக்பிதான். 0.310. இதுக்குப் பதில் சொல்லிட்டு மேல பேசுங்க.

காவேரிப்பட்டணத்தான்
பதில் இந்தாங்க. பெல் போட்டது முழுசா உறை மூடின 173 கிரெயின் பட்டாளத்துக் குண்டு. எலும்புல பட்டாலும் உருமாறாது. அதையும் பக்கத்துல போய் மூளையைக் குறிவெச்சு அடிச்சார். யானையோட தலையெலும்புக்குள்ள மூளை எங்க இருக்குன்னு அறுத்துப் பார்த்துக் கத்துக்கிட்ட மனுஷன். தம்பி மானுக்குப் போடப்போறது மெதுமூக்குக் குண்டு. அது சதையில பட்டதும் காளான் மாதிரி விரியும். 0.284 அங்குல விட்டம் அரை அங்குலம் ஆச்சுன்னா, எடையில ஒரு கிரெயின்கூட உதிராம இருந்தாலும், உங்க 0.310 அங்கேயே 0.100 ஆயிடும். பெட்டியில அச்சடிச்ச எண் தோல் வரைக்கும்தான் செல்லும்.

கார்பெட்டைப் பாதி சொல்லாதீங்க. அவர்கிட்ட .450/400 இரட்டைக்குழலும் இருந்தது. .275 ஒண்ணே போதும்னா அதை எதுக்குத் தூக்கிட்டு அலைஞ்சார்?

ஜவளகிரி
ரெண்டு குண்டும் விரியும். விரிஞ்சா ரெண்டுக்கும்தான் எண் இறங்கும். கிளம்பும்போது யார் முன்னாடி? 0.310. இதைத் தாண்டி ஒரு வரி எழுத முடியல, கார்பெட்டோட இரட்டைக்குழலுக்குப் போயிட்டீங்க.

ஏர் ரைஃபிள் இழையிலயும் இதேதான் பண்ணினீங்க. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பின்னாடியும் உதைக்கும், முன்னாடியும் உதைக்கும், சாதா ஸ்கோப்போட கண்ணாடி கழண்டுடும்னு சொன்னேன். கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

அஞ்செட்டி மலையான்
எஸ்.டி.ன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்களே, அந்தக் காலத்து வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் இதே அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் காட்டுல புலியும் சிறுத்தையும் சுட்டது எதுல? .405 வின்செஸ்டர். 300 கிரெயின், எஸ்.டி. 0.254 தான் வரும். உங்க ரெண்டு பேர் எண்ணையும் விடக் கம்மி. புலி சாகலையா? நம்ம மண்ணுல நிரூபிச்ச துப்பாக்கியை விட்டுட்டு ஸ்காட்லாந்துக்காரரைக் கூப்பிட்டுட்டு வர்றீங்க.

ஜவளகிரி
புலிக்குத் தோல் மெல்லிசு, ஈலண்ட் 600, 700 கிலோ நிக்கும். அந்த .405ல குழாய் மேகசின், கூர்மூக்குக் குண்டே போட முடியாது. அதைப் போய்...

அஞ்செட்டி மலையான்
அண்ணா, தெரியாததை எழுதாதீங்க. 1895 மாடல் லிவர் ரைஃபிள், பிரௌனிங் வடிவமைச்சது, அடியில பெட்டி மேகசின். குழாய் கிடையாது. பழைய 1894 மாடலோட போட்டுக் குழப்பிட்டீங்க. திருத்தம் போடுங்க.

ஜவளகிரி
மேகசின் எதுவா இருந்தா என்ன, 0.254 ஏறப்போகுதா?

மத்தூர் மேட்டுக்காடு
மூணு பேருமே நமீபியா சட்டத்தைப் பார்க்கல. அங்க குறைஞ்சபட்ச சக்தி எழுத்துல இருக்கு, குழல் வாயில அளந்து: ஸ்பிரிங்பாக் மாதிரி சின்ன மானுக்கு 1,350 ஜூல், கூடு, ஜெம்ஸ்பாக், ஈலண்ட் மாதிரி பெரிய மானுக்கு 2,700, எருமை யானைக்கு 5,400. 7x57ல 175 கிரெயின் 2,440 அடியில போனா 3,140 ஜூல் பக்கம் வரும், பாஸ். .30-06ம் பாஸ். 5,400 வேணும்னா ரெண்டுமே ஃபெயில், .375 எச் அண்ட் எச்தான், 300 கிரெயின் 2,530 அடி, 5,780 ஜூல் வரும். நாளைக்கு எருமைக்கும் போவேன்னு நினைச்சா இன்னைக்கே .375 வாங்கறது மேல். உதை ஜாஸ்தி, நாலு கிலோவுக்குக் கம்மியா எடுக்காதீங்க.

காவேரிப்பட்டணத்தான்
எருமை வேணும்னு தம்பி கேக்கவே இல்லையே. ஆழம்தான் முக்கியம்னு அண்ணன் அடம் பிடிச்சா .30-06லயே 220 கிரெயின் போடலாம், 0.331. 0.310க்கு மேல. இப்ப என்ன சொல்றீங்க?

ஜவளகிரி
பிடிபட்டீங்க. 180க்கு ஜீரோ வெச்ச துப்பாக்கியில 220 போட்டா குண்டு வேற இடத்துல விழும். குண்டோட வேகம் மாறுது, பேரல் அதிர்ற விதம் மாறுது, சில துப்பாக்கியில பக்கவாட்டுலகூட நகரும். மறுபடி ஜீரோ வைக்கணும், இல்லேன்னா ஸ்கோப்பை எத்தனை க்ளிக் திருப்பணும்னு எழுதி துப்பாக்கிக் கட்டையோட பின்பக்கம் ஒட்டிக்கணும். ரெண்டு தோட்டாவுக்கு ரெண்டு ஜீரோன்னா அது ரெண்டு ரைஃபிளுக்குச் சமம். 7x57 பேரல் உள்ள குண்டைச் சுழல வைக்கற தடத்தோட முறுக்கு 220 மி.மீ.க்கு ஒரு சுத்து. நீளமான 175ஐ நேராப் பிடிச்சுட்டுப் போறதுக்குன்னே வெச்சது. .30-06ல 10 அங்குலத்துக்கு ஒண்ணு.

காவேரிப்பட்டணத்தான்
அதே நீளக் குண்டுக்காகப் பழைய ரிக்பியில தோட்டா அறைக்கும் தடத்துக்கும் நடுவுல இருக்கற தொண்டையை நீளமா வெட்டியிருக்கான். 140 கிரெயின் போட்டா குண்டு தடத்தைத் தொடறதுக்கு முன்னாடி வெறுமனே தாவும், குண்டுங்க ஒரே இடத்துல விழாம சிதறும். ஸ்பிரிங்பாக்குக்கு 140, ஈலண்டுக்கு 175ன்னு நீங்களும் ரெண்டு தோட்டாதான் வாங்கப்போறீங்க. அப்பவும் ரெண்டு ஜீரோதானே? இன்னொண்ணு, 1893 காலத்து மவுசர் இன்னும் புழக்கத்துல இருக்கறதால அமெரிக்கக் கம்பெனிக்காரன் 7x57 தோட்டாவை அழுத்தம் குறைச்சுத்தான் அடைக்கிறான். டப்பாவுல போட்ட வேகம் 24 அங்குலப் பேரலுக்கு. 20 அங்குலத்துல அதுவும் வராது.

தேன்கனிக்கோட்டை
இதைப் படிக்கிற உள்ளூர்ப் பசங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. பயிர்க்காவலுக்கு ஆயுதச் சட்டம் 13(3)ல குடுக்கறது வாய்வழியாக் கெட்டிக்கிற துப்பாக்கி, அது பத்தாதுன்னு அதிகாரி நினைச்சா தடமில்லாத வேற குழல். ரைஃபிள் இல்ல. அந்த லைசன்ஸ் இருந்தாலும் பன்னியைச் சுடலாம்னு அர்த்தம் இல்ல. .303 தடைசெஞ்ச குழல் அளவு, அதனாலதான் இஷாப்பூர் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில .315 பண்ணினாங்க. முன்னாடி மூணு துப்பாக்கி வெச்சுக்கலாம், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஆளுக்கு ரெண்டுதான்.

அஞ்செட்டி மலையான்
இங்க காட்டெருமைக்கு .315 பத்துமான்னு அந்தக் காலத்துலயே...

தேன்கனிக்கோட்டை
காட்டெருமை இல்லைங்க, காட்டுமாடு. எருமை இனமே வேற. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கற உயிர், அதைச் சுடற பேச்சே வேண்டாம்.

அஞ்செட்டி மலையான்
ஊர்ல எல்லாரும் காட்டெருமைன்னுதான் சொல்றோம். பேரை மாத்தறதுக்கு நீங்க யாருங்க?

பர்கூர்
அண்ணனுங்களா, கேட்டது நான்தான். இங்க கடையில .30-06 தோட்டா சுலபமாக் கிடைக்குது, 7x57 தேடணும். ரைஃபிள் எதுவானாலும் முதல்ல கவனிக்க வேண்டியது என்ன?

மத்தூர் மேட்டுக்காடு
கட்டையைப் பாருங்க தம்பி. மரக்கட்டை ஈரத்துல உப்பி பேரலை ஒரு பக்கம் அழுத்தும், ஜீரோ தானா நகரும். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு ரூபா நோட்டு தடையில்லாம அறை வரைக்கும் போகணும். ஸ்கோப் மவுண்ட் திருகைக் கழட்டி, எண்ணெய் துடைச்சு, அளவா முறுக்கி மாட்டுங்க. அதிகமா முறுக்கினா ஸ்கோப் குழாயே நசுங்கும். சுத்தம் பண்ணின பேரல்ல எண்ணெய் மிச்சம் இருந்தா முதல் குண்டு விலகும், அதனால துடைச்ச குளிர்ந்த பேரல்ல முதல் குண்டு எங்க விழுதுன்னு தனியாக் குறிச்சு வைங்க. மானுக்குப் போறது அந்தக் குண்டுதான்.

காவேரிப்பட்டணத்தான்
தோட்டா கிடைக்குதுன்னு தம்பியே சொல்லிட்டார். .30-06, 180 கிரெயின். ஊர் விட்டு ஊர் போய் டப்பா தேடற ரைஃபிள் எப்படி எல்லாத்துக்கும் ஆகும்?

ஜவளகிரி
கடையில கிடைக்கறது வேற, உள்ள இறங்கறது வேற. தம்பி, ரெண்டு டப்பா 175 தேடி வாங்கினா வருஷத்துக்குக் காணும். அரை அங்குலம் விரியும்னு காட்டின கணக்கை அவரோட 180க்கும் போடச் சொல்லுங்க. அது 0.103 தான் வரும். ஆயிரத்துல மூணு பங்குக்காக .30-06ஓட உதையைத் தாங்கணுமா? கிளம்பற இடத்துல 0.310, 0.271. இன்னும் யாரும் இதை மறுக்கல.

காவேரிப்பட்டணத்தான்
மறுத்தாச்சு, மேல இருக்கு, படிங்க.

ஜவளகிரி
படிச்சேன். 0.310.

அஞ்செட்டி மலையான்
மேகசின் திருத்தம் இன்னும் வரல அண்ணா.