வௌவால் மரத்தை வெட்டினால் நிபா நிற்குமா?

பூவரசு:
நிபா, மூளையைத் தாக்கும் வைரஸ் காய்ச்சல். கேரளத்தில் அது வந்தது கோழிக்கோட்டில் 2018, 2021, 2023. எர்ணாகுளத்தில் 2019. மலப்புரத்தில் 2024. ஒவ்வொரு முறையும் பழந்தின்னி வௌவால் மேல்தான் சந்தேகம். 2018இல் அந்த வட்டாரத்தில் பிடித்த பழந்தின்னிகளிடம் வைரஸும் இருந்தது. பிறகும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய மரத்தில் வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்குவதை அப்படியே விட்டுவைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கொல்ல வேண்டாம். கிளையைக் கழித்துத் துரத்தலாமே.

ஆட்டுப்பட்டி:
துரத்தினால் காட்டுக்குப் போய்விடும் என்று யார் சொன்னது? அடுத்த தெரு ஆலமரத்துக்குப் போகும். உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளிகளுக்கு மார்பர்க் (வௌவாலிடமிருந்து வரும் இன்னொரு கொடிய வைரஸ் காய்ச்சல்) வந்ததும் வௌவால்களை அடியோடு ஒழித்தார்கள். 2012இல் பக்கத்திலேயே மறுபடி மார்பர்க் வெடித்தது. சுரங்கத்துக்குத் திரும்பி வந்திருந்த கொஞ்சநஞ்ச வௌவால்களைச் சோதித்தால் 13 சதவீதத்தில் வைரஸ். ஒழிப்பதற்கு முன்பு 5 சதவீதம்தான். காலியான இடத்தில் எதிர்ப்புச்சக்தி இல்லாத புதுக்கூட்டம் குடியேறியது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பூவரசு:
அது குகை வௌவால், வேறு வைரஸ். அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்தாதீர்கள். இன்னொன்று, 2018இல் முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டுக் கிணற்றில் பிடித்தவை பூச்சிதின்னி வௌவால்கள், அவற்றில் வைரஸ் இல்லை. முதல் நோயாளிக்கு எப்படி வந்தது என்பதே கடைசிவரை நிரூபணமாகவில்லை. அப்படியென்றால் ‘வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதே’ என்பதும் ஊகம்தானே?

ஆட்டுப்பட்டி:
கேரளத்தைப் பொறுத்தவரை ஊகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலேசியாவில் வழி தெரிந்தது. ஈப்போ பக்கம் பன்றிப் பட்டியை ஒட்டியே மாமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழுந்தது, பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. ஆரம்பத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அதுவும் அந்த மூளைக்காய்ச்சல் வழக்கமாகத் தாக்கும் குழந்தைகளைவிடப் பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். 1999 மார்ச்சில்தான் புது வைரஸ் என்று பிடிபட்டது. மொத்தம் 105 பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அங்கே தள்ளி வைத்திருக்க வேண்டியது மாமரத்தையும் பட்டியையும்.

பனங்காட்டான்:
அப்போ பதநீர்? வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றால் வருகிறது என்கிறார்கள்.

ஆட்டுப்பட்டி:
அங்கே ஈச்சமரத்தின் தண்டைச் செதுக்கி, வெட்டு வழியாகச் சாற்றை இரவெல்லாம் பானைக்குள் வடியவிடுவார்கள். வௌவால் நக்குவது அந்த வெட்டுப்பரப்பை. அதனால் பானை வாயை மட்டும் மூடிப் பயனில்லை; மேலே நக்கிய எச்சில் சாற்றோடு உள்ளே இறங்கிவிடும். மூங்கில் தட்டியோ சணல் குச்சித் தட்டியோ வைத்து வெட்டு, குழல், பானை வாய் மூன்றையும் சேர்த்து மறைத்தால்தான் வௌவால் நெருங்காது. இரவில் கேமரா வைத்துப் பார்த்து உறுதி செய்தது இது. பனையில் பாளை கலயத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் கலய வாய் திறந்திருந்தால் அதே ஆபத்துதான். சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்க. கிருமிநாசினி என்று நம்ப வேண்டாம். புளித்தால் வைரஸ் சாகும் என்பதும் தவறு, ஈச்சமரத்துக் கள் குடித்தவர்களுக்கும் நிபா வந்திருக்கிறது. ஆய்வகத்தில் செயற்கைச் சாற்றில் 22 டிகிரியில் 7 நாள் தாக்குப்பிடித்தது. கொதிக்கவைத்தால் போய்விடும், அதனால் கருப்பட்டிக்குப் பயம் இல்லை.

வார்டு7:
இரண்டு பேரும் மரத்தையே பார்க்கிறீர்கள். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வழியாகப் பரவித்தான். 2018 கோழிக்கோட்டிலும் முதல் நோயாளிக்குப் பிறகு எல்லாமே ஆளிடமிருந்து ஆளுக்கு. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை 248 நோயாளிகள். அடுத்தவருக்குக் கொடுத்தவர்கள் 22 பேர்தான். இருமலும் மூச்சுத்திணறலும் உள்ளவரிடமிருந்துதான் அதிகம் பரவுகிறது. காய்ச்சலோடு குழப்பமும் மூச்சுத்திணறலும் இருந்தால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தனி அறை. கவனிப்பவர் ஒருவர் மட்டும். என்95 முகக்கவசம், கண்ணாடி, அங்கி, கையுறை. கழற்றும்போதுதான் கோட்டை விடுவார்கள்: கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில், அதுவும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு. தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கவனிக்க வேண்டும்.

பூவரசு:
முதல் ஆள் விழுந்த பிறகுதானே உங்கள் வார்டு வேலை செய்யும்? மரத்தை விடச் சொல்கிறீர்கள், சரி. அப்படியானால் ஒவ்வொரு தோப்பிலும் மாதாமாதம் எச்சமும் சிறுநீரும் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மரத்தடியில் தார்ப்பாய் விரித்தால் போதும், வௌவாலைப் பிடிக்கக்கூட வேண்டாம்.

ஆட்டுப்பட்டி:
இதைத்தான் முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும். விடியற்காலையில் வௌவால் திரும்பும் முன்பே பாயை விரியுங்கள். குட்டி போடும் பருவத்தில் மட்டும் அடிக்கடி எடுக்க வேண்டும்.