கச்சத்தீவில் என் கையைப் பிடித்தவரிடம் இதைச் சொல்லலாமா?

பாசிக்காரி (சின்னப்பாலம், பாம்பன்):
2023 அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் குலசாமி முனியசாமி. ஆனாலும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டால் போய்த்தானே ஆக வேண்டும்? ராத்திரித் தேர்ப்பவனியில் கூட்டம் நெருக்க, மணலில் கால் புதைந்து தடுமாறினேன். யாழ்ப்பாணப் பக்கத்து அக்கா ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிடித்த கையை விடவில்லை. இருட்டிலேயே என் விரல்களைத் தடவிப் பார்த்து, "என்ன பிள்ளை, கடலுக்குள் கல்லோடு வேலையா?" என்றார். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்கினாலும் பாறை கீறிய தழும்பு போகாது. அவர் உள்ளங்கையும் வலைக் கிழிசல் பொத்திப் பொத்திக் காய்த்துக் கிடந்தது.

தேர் கோயிலுக்குத் திரும்பும்வரை அப்படியே நின்றோம். அதற்குள் சொல்லிவிட்டார்: நம் கரை விசைப்படகு ஒன்று அவர் வீட்டுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். நகை அடகில் இருக்கிறதாம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நான் வாயைத் திறக்கவில்லை.

2024இல் நம் பக்கம் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அடுத்த வருடம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. இந்த முறை போகிறேன். அவரைப் பார்த்தால் சொல்லலாமா? (தீவு யாருக்குச் சொந்தம் என்ற 1974 கதையைத் தயவுசெய்து இங்கே தொடங்காதீர்கள்.)

வழிவலை:
சொல்லுங்கள், தங்கச்சி. ராத்திரி நீரோட்டத்தில் வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவனுக்கு, அடியில் மடிவலையை இழுத்துக்கொண்டு வருகிற படகு எந்தக் கரையுடையது என்பதில் என்ன வித்தியாசம்? நான் பாம்பன் நாட்டுப்படகுக்காரன். என் வலையையும் நம் ஊர் விசைப்படகுதான் இரண்டு முறை வாரிக்கொண்டு போனது. அந்த அக்காவுடைய கோபமும் என்னுடையதும் ஒன்றுதான்.

தங்கச்சிமடத்தான்:
சொல்லவே வேண்டாம். படகை எந்தப் பக்கம் திருப்புவது என்று கூலிக்காரனையா கேட்கிறார்கள்? அது டிரைவர் பாடு, முதலாளி பாடு. பிடிபட்டால் மட்டும் சிறைக்குப் போகிறவன் கூலிக்காரன். என் தம்பி போய் வந்தான், அதனால் சொல்கிறேன். சாமி கும்பிடப் போன இடத்தில் எதற்குப் பஞ்சாயத்து? கருப்பட்டி நாலு வட்டு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நெடுந்தீவுப் பிள்ளை:
கருப்பட்டியா? எங்களிடம் பனங்கட்டி இல்லையென்று யார் சொன்னது? இருக்கட்டும்.

எங்கள் இலங்கையில் 2017இலேயே இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் கரையிலும் அதைப் பாவித்தவர்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அக்கா, ஒன்று யோசியுங்கள். பாம்பனிலிருந்து வந்த ஒரு பெண்ணின் வீட்டில் யாரோ ஒருவராவது விசைப்படகில் போவார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் கையைப் பிடித்திருப்பார்.

பாசிக்காரி:
கடைசி வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இது தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். சரி, கோபம் என்று நினைத்துக்கொண்டேன். படுக்கும்போது கேட்டார்: "அவர்களுடைய வலை என்ன கண்ணி அளவு?"

எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.