"அக்கா, இந்த மாதிரி வரணும்": உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

தண்டையார்பேட்டை பார்லர் அக்கா:

16 வருடமாகத் தண்டையார்பேட்டையில் லேடீஸ் பார்லர் வைத்திருக்கிறேன். ஒற்றை ரூம், இரண்டு நாற்காலி. மீன் விற்கிற அம்மாக்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நிற்கிற பிள்ளைகள், காலேஜ் பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். முன்பு கல்யாணப் பெண்கள் ஏதாவது ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "அக்கா, இந்த மாதிரி வரணும்" என்பார்கள். நடிகை வேறு, தாங்கள் வேறு என்று அவர்களுக்கே தெரியும். கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் சந்தோஷமாகத்தான் போவார்கள்.

இப்போது செல்போனை நீட்டினால் அதில் இருப்பது அவர்கள் முகமேதான். ஃபில்டர் போட்ட முகம். மூக்கு சிறுத்து, தாடை ஒடுங்கி, கலர் இரண்டு மூன்று ஷேடு ஏறியிருக்கும். "இது நான்தானேக்கா, ஏன் வராது?" என்று கேட்கிறார்கள். நடிகை மாதிரி இல்லையே என்ற குறையை ஒரு பெண் தாங்கிக்கொள்வாள். தன் படத்தில் இருக்கிற மாதிரி தானே இல்லை என்ற குறை அவளை உள்ளுக்குள் அரித்துவிடுகிறது.

மாதாமாதம் புருவம் எடுக்க வருகிற ஒரு பெண்ணுக்கு 19 வயது. போன முறை நூல் பட்டதுமே துடித்துப்போனாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. இவள் வலி தாங்காத பெண் இல்லையே என்று டியூப் லைட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கன்னம் ரோஸ் கலரில் இருந்தது. தோலுக்கு அடியில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் தெரிந்தன. தாடை ஓரமாகப் பூனை முடி, மோவாயில் பொடிப்பொடியாகப் பரு. காதும் கழுத்தும் மட்டும் அவளுடைய பழைய மாநிறத்திலேயே இருந்தன. "கலர் வந்திருக்குல்லக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் காட்டினாள். மேலே தங்கக் கலரில் பூ ஸ்டிக்கர். யார் தயாரித்தது, எங்கே, என்ன கலந்தது, எந்தத் தேதிவரை பூசலாம், எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் 'முன்பு, பின்பு' படம் பார்த்து 450 ரூபாய் அனுப்பி வாங்கியிருக்கிறாள். முதல் வாரமே வெளுத்ததாம். இரண்டு நாள் பூசாமல் விட்டதும் முகம் எரிந்து கறுத்துப்போனதாம். பயந்து இரண்டாவது டப்பா வாங்கிவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு வேறு எதுவும் செய்யவில்லை, காசும் வாங்கவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகச் சொன்னேன். சாயங்காலமே அவள் அம்மா கடைக்கு வந்து, "பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல ஏம்மா பயமுறுத்துறே" என்று சத்தம் போட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிளீச் போட்டா கலர் வரும்மா" என்று எத்தனையோ வருடம் நானே சொல்லியிருக்கிறேன். என் ஆயா பெண்களைப் பார்த்தால் "களையான முகம்" என்றுதான் சொல்லும். கருப்போ சிவப்போ, அது வேறு பேச்சு. அந்த வார்த்தை எப்போது நம் வாயிலிருந்து போனது என்றே தெரியவில்லை.

காசிமேடு, காலேஜ் முதல் வருடம்:

அக்கா, 2020-இல் டிக்டாக்கைத் தடை செய்து ரீல்ஸ் வந்தபோது நான் எட்டாவது படித்தேன். லாக்டவுன், வீட்டில் ஒரே போன். கடலோரக் கல்லில் உட்கார்ந்து எடுத்த என் முதல் வீடியோவுக்கு வந்த கமெண்ட் "கருவாடு". போட்டது என் வகுப்புப் பையன். அப்பா போட்டில் போகிறவர் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஃபில்டர் இல்லாமல் ஒரு படம்கூட நான் போடவில்லை. ஸ்கூல் குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

2021-இல், இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற ஃபேஸ்புக் கம்பெனியின் உள் ஆய்வுகள் வெளியே வந்ததைக் காலேஜில் படித்தோம். டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தன் உடம்பைப் பற்றிய மனக்குறையை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்களாம். படித்ததும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

வியாசர்பாடி, ஸ்டாஃப் நர்ஸ்:

பார்லர் அக்கா சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால் ஸ்டீராய்டு கலந்த கிரீம் போலத் தெரிகிறது. அது முதலில் தோலை வெளுக்க வைக்கும், போகப்போக மெலிய வைக்கும். அதனால்தான் நரம்பு தெரிகிறது. முடி வளர்வதும் ஸ்டீராய்டால்தான். திடீரென்று நிறுத்தினால் சிவந்து எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர டாக்டர் துணை கட்டாயம் வேண்டும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. ஸ்டிக்கர் ஒட்டின டப்பாவுக்கு யார் சீட்டுக் கேட்கப்போகிறார்கள்?

எனக்கு அதைவிடப் பயம், இந்த மாதிரி கிரீம்களில் கலக்கிற பாதரசம். கேரளாவில் மலப்புறம் பக்கம் டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள். பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. காலையில் முகமும் காலும் வீங்கினாலோ சிறுநீர் நுரை நுரையாகப் போனாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். பெரும்பாலோர் கிரீமை நிறுத்திய பிறகு தேறியிருக்கிறார்கள், அதனால் மனதைத் தளரவிட வேண்டாம். அக்கா, அந்தப் பெண்ணைச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், டாக்டரிடம் அப்படியே காட்டட்டும்.

தண்டையார்பேட்டை பார்லர் அக்கா:

நன்றி சிஸ்டர். நீங்கள் எழுதியதை அவள் அம்மாவுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் பண்ணி, "கால் வீங்குறதும் இதுலதானா?" என்று கேட்டார். இரண்டாவது டப்பாவைத் தானும் பூசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். திங்கட்கிழமை ஓ.பி.க்குக் கடையைச் சாத்திவிட்டு மூன்று பேருமாகப் போகிறோம்.

காசிமேடு தங்கச்சி, உன் குரூப் போட்டோ எப்போது? அன்றைக்குக் காலையில் கடைக்கு வா, தலை நான் பின்னிவிடுகிறேன்.